தாத்தா வீட்டுக் குகையில் இருப்பது யார் சொத்து?

பன்னிரண்டு வயது பிலிக்குத் தேடுவதுதான் விளையாட்டு. நியூயார்க்கின் புரூக்ளின் தெருக்களில் செல்பேசி காட்டும் இடக்குறியைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். யாரோ ஒளித்துவைத்த சிறு பெட்டிகளை மற்றவர்களுக்கு முன்னால் கண்டுபிடிப்பாள். அந்தக் கோடை விடுமுறையில் இதற்கென்றே நடக்கும் முகாமுக்குப் போக வேண்டும் என்பது அவள் கனவு. அதற்குள் செய்தி வருகிறது: ஹவாயில் தாத்தாவுக்கு மாரடைப்பு. அம்மா லெயிலானி மகளையும், பதின்வயதுக்கே உரிய சிடுசிடுப்போடு இருக்கும் மகன் இயோவானேயையும் கூட்டிக்கொண்டு, தான் பிறந்து வளர்ந்த ஓஆஹு தீவுக்குப் பறக்கிறாள். பிள்ளைகளின் அப்பா உயிரோடு இல்லை. ராணுவத்தில் இருந்தபோது இறந்துபோனவர். தாத்தா கிமோவோ தன் மண்ணைப் பற்றியும் மொழியைப் பற்றியும் எதுவுமே தெரியாமல் வளர்ந்த பேரப்பிள்ளைகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்.

2021 ஜனவரி 29-ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘ஃபைண்டிங் ஓஹானா’ இப்படித்தான் தொடங்குகிறது. ஓஹானா என்றால் ஹவாய் மொழியில் குடும்பம். ஜூட் வெங் இயக்கிய முதல் முழுநீளத் திரைப்படம்; எழுதியவர் கிறிஸ்டினா ஸ்ட்ரெயின். தாத்தா வீட்டில் ஒரு பழைய நாட்குறிப்பு பிலியின் கையில் சிக்குகிறது. கப்பல் கொள்ளையர்கள் மலைக்குள் ஒளித்துவைத்த பொன்னுக்கு அதில் வழி இருக்கிறது. தாத்தாவின் வீடும் நிலமும் வரிப் பாக்கியில் கைவிட்டுப் போகும் நிலை. அப்புறம் என்ன? பிலி, அவளுடைய புதுச் சிநேகிதன் காஸ்பர், அண்ணன் இயோவானே, உள்ளூர்ப் பெண் ஹானா என நான்கு பேர் குகைக்குள் இறங்கிவிடுகிறார்கள்.

விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்குப் போகும் பிள்ளைகள், பழைய பெட்டியில் ஒரு வரைபடம், பெரியவர்களுக்குத் தெரியாமல் ஒரு பயணம். குழந்தைகள் சினிமாவில் இந்தக் கதை எத்தனையோ முறை வந்துவிட்டது. பெரும்பாலான படங்களில் தாத்தா வீடு கதைக்கு ஒரு வாசல், அவ்வளவுதான். பிள்ளைகள் உள்ளே நுழைந்ததும் தாத்தாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு கேமரா அவர்கள் பின்னால் ஓடிவிடும். இந்தப் படமும் அந்தத் தவற்றிலிருந்து முழுக்கத் தப்பவில்லை. ஆனால் கதை நடக்கும் இடம் ஹவாய் என்பதால் இதற்கு ஒரு கனம் வந்து சேர்கிறது. அந்தத் தீவுகளில் தாத்தாவும் பாட்டியும் யார், குகைகளில் இருப்பது என்ன என்று தெரிந்துகொண்டு பார்த்தால், குடும்பத்தோடு உட்கார்ந்து சிரித்துவிட்டுப் போகிற இந்தப் படத்துக்குள் ஒரு பெரிய வழக்கு நடந்துகொண்டிருப்பது தெரியும்.

பிலியின் விளையாட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். அமெரிக்கா தன் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் துல்லியத்தைப் பொதுமக்களுக்கு மட்டும் வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது. அடுத்த ஓரிரு நாளிலேயே ஓரிகன் மாநிலத்துக் காட்டோரம் ஒருவர் ஒரு வாளியில் சில பொருட்களைப் போட்டுப் புதைத்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகைகளை இணையத்தில் போட்டார். முடிந்தால் கண்டுபிடியுங்கள் என்ற அந்த அழைப்பிலிருந்துதான் ஜியோகேஷிங் உலகமெங்கும் பரவியது. அதில் ஒளிப்பவரும் தேடுபவரும் ஒரே கட்சி. கண்டுபிடிக்கப்படத்தான் பெட்டி ஒளித்துவைக்கப்படுகிறது.

ஹவாய்க் குகைகளின் சட்டம் இதற்கு நேர்மாறு. மனிதனின் ஆற்றல், அங்கே ‘மானா’ என்று சொல்லப்படுவது, எலும்பில் தங்குகிறது என்பது பூர்வகுடி ஹவாய் மக்களின் நம்பிக்கை. தலைவன் ஒருவன் இறந்தால் நெருங்கியவர்கள் அவன் எலும்புகளை இரவோடு இரவாக எடுத்துப்போய், யாருக்கும் தெரியாத குகையில் வைத்துவிட்டு வருவார்கள். எதிரி கையில் சிக்கினால் அவற்றைத் தூண்டில் முள்ளாகச் செதுக்கி அவமானப்படுத்துவான் என்ற அச்சமும் இருந்தது. தீவுகளையெல்லாம் ஒரே அரசாக்கிய முதலாம் கமேஹமேஹா 1819 மே மாதம் கைலுவாவில் இறந்தபோது, அவர் எலும்புகளை மறைக்கும் பொறுப்பு ஹோவாபிலி என்ற தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த இடம் எதுவென்று இன்றுவரை வெளியே தெரியாது.

படத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. எதையும் தேடிக் கண்டுபிடித்துவிடும் கெட்டிக்காரப் பேத்தியை, கண்டுபிடிக்கக் கூடாததைக் காத்துவந்த முன்னோர்களின் மண்ணில் கொண்டுவந்து விடுகிறது கதை. குகையின் உள்ளே போகப்போக, அங்கே கொள்ளையர்களின் பொன் மட்டும் இல்லை, முன்னோர்களும் துயில்கிறார்கள் என்று பிள்ளைகளுக்கு உறைக்கிறது. அதற்கு மேல் கதையை நான் சொல்லப்போவதில்லை. பிள்ளைகளோடு பார்க்கப்போகிறவர்களுக்கு அது மிச்சம் இருக்கட்டும். ஆனால் இரவில் தீவட்டியோடும் முரசோடும் நடந்துவரும் மூதாதைப் படை படத்தில் வரும் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ‘ஹுவாகாய் போ’ என்று ஹவாய் மக்கள் அழைக்கும் இந்த இரவு ஊர்வலம் திரைக்கதைக்காகக் கற்பிக்கப்பட்டது கிடையாது. நிலவின் குறிப்பிட்ட சில இரவுகளில் இறந்துபோன தலைவர்களும் வீரர்களும் பழைய பாதைகளில் நடந்து போவார்கள், எதிர்ப்படுகிறவர்கள் தரையில் முகம் புதைத்துப் படுத்துவிட வேண்டும், கண்ணெடுத்துப் பார்த்தால் உயிர் தங்காது என்பது வழிவழியான நம்பிக்கை. ஊர்வலத்தில் நடப்பவர்களில் ஒருவராவது பார்த்தவனுக்கு மூதாதையாக இருந்தால் அவன் பிழைப்பான். ‘இவன் என் பிள்ளை’ என்று அந்த மூதாதை சொன்னால் போதும்.

தாத்தாவின் பேச்சு விளங்காமல் வளர்ந்த பிள்ளைகளை இந்த நம்பிக்கையின் முன்னால் நிறுத்திப் பாருங்கள். பிலிக்கும் இயோவானேக்கும் ஆபத்து பாறையிலும் பள்ளத்திலும் இல்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லி அவர்களை அடையாளம் கண்டுகொள்ள அந்த இருட்டில் யாராவது இருக்கிறார்களா? ஒரு சிறுவர் சாகசப் படம் இந்தக் கேள்வியைத் தொட்டதே எனக்குப் பெரிய விஷயம்.

குகைப் பொருள் யாருக்குச் சொந்தம் என்பது அங்கே வெறும் சினிமாக் கேள்வியும் இல்லை. 1905-இல் ஹவாய்ப் பெருந்தீவின் கவாய்ஹாயே பகுதியில் டேவிட் ஃபோர்ப்ஸ் என்பவர் ஒரு குகைக்குள் நுழைந்தார். மனித எச்சங்களோடு மரச் சிற்பங்கள், கிண்ணங்கள் எனப் பல பொருட்கள் அங்கே இருந்தன. அவை வெளியே வந்து ஹோனலூலுவின் பிஷப் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அமெரிக்கப் பூர்வகுடிகளின் கல்லறைப் பொருட்களை வாரிசுகளிடம் திருப்பித் தர வேண்டும் என்ற சட்டம் 1990-இல் வந்தது. அதன் பிறகு, முன்னோர்களின் எலும்புகளைக் காக்கவென்றே தோன்றிய ‘ஹுய் மாலாமா’ என்ற அமைப்பு 2000-இல் 83 பொருட்களை அருங்காட்சியகத்திடமிருந்து இரவலாகப் பெற்று, குகைக்கே கொண்டுபோய் உள்ளே வைத்து மூடிவிட்டது.

இதை எதிர்த்து வழக்குப் போட்டவர்களும் பூர்வகுடி ஹவாய் மக்கள்தான். எங்களுக்கும் அவற்றில் உரிமை உண்டு, எங்களைக் கேட்காமல் எப்படி மூடலாம், எங்கள் பேரப்பிள்ளைகள் அவற்றைப் பார்க்க வேண்டாமா என்று அவர்கள் கேட்டார்கள். பொருட்களை எடுத்துத் தரும்படி 2005-இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவை சரியாக எந்த இடத்தில் இருக்கின்றன என்று சொல்ல அமைப்பின் தலைவர்களில் ஒருவரான எட்வர்ட் ஆயாவ் மறுத்தார். இறந்தவர்களுக்குக் கொடுத்ததை மறுபடி பிடுங்குவது திருட்டு என்பது அவர் தரப்பு. சுமார் மூன்று வாரம் சிறையில் இருந்தார். 2006-இல் நீதிமன்ற ஏற்பாட்டின்படி பொருட்கள் வெளியே எடுக்கப்பட்டன.

இரண்டு தரப்பு நியாயமும் எனக்குப் புரிகிறது. பார்க்காத பொருளின் மீது பிள்ளைகளுக்கு எப்படிப் பற்று வரும் என்ற கேள்வியைச் சுலபமாக ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் மனம் ஆயாவ் பக்கமே சாய்கிறது. ஒருவர் தம் மூதாதையை எந்த இருட்டில் எந்தத் துணியில் சுற்றி வைத்தாரோ, அந்த ஏற்பாட்டை மாற்ற அடுத்த தலைமுறைக்கு என்ன அவசரம்?

இன்னொரு சம்பவம் இன்னும் பெரியது. 1980-களின் இறுதியில் மௌயி தீவின் ஹோனோகஹுவா கடற்கரையில் ஒரு சொகுசு விடுதிக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். மணல் மேட்டுக்குள் எலும்புக்கூடுகள் வந்தன. பத்து, நூறு என்று வளர்ந்து ஆயிரத்தைத் தாண்டியது. பல நூற்றாண்டுகளாக ஒரே இடத்தில் புதைக்கப்பட்டவர்கள், குழந்தைகளும் உண்டு. ஹவாய் மக்கள் திரண்டார்கள். ஹோனலூலுவில் பழைய அரசர்களின் இயோலானி அரண்மனை வளாகத்தில் இரவெல்லாம் விழித்திருந்தார்கள். 1988 டிசம்பரில் தோண்டும் வேலை நின்றது. விடுதி கடற்கரையை விட்டுத் தள்ளிக் கட்டப்பட்டது. தோண்டி எடுத்தவர்களை மறுபடி நல்லடக்கம் செய்ய, மரப்பட்டையைத் தட்டிச் செய்யும் ‘கபா’ துணி வேண்டும். ஏறக்குறைய மறைந்துவிட்டிருந்த அந்தக் கைத்தொழிலை மறுபடி கற்றிருந்த பெண்கள் உட்கார்ந்து பட்டை தட்டினார்கள். தாழை ஓலையில் கூடைகள் முடைந்தார்கள். 1990-இல் ஒவ்வொரு தீவுக்கும் அடக்கத்தலக் குழு ஒன்றை அமைக்கும் சட்டம் ஹவாயில் வந்ததற்கு இந்தக் கடற்கரைதான் காரணம்.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், ‘புதையல்’ என்ற சொல்லை ஹாலிவுட் இத்தனை நாள் எவ்வளவு எளிதாகப் பயன்படுத்தியிருக்கிறது என்பது விளங்கும். ‘ஃபைண்டிங் ஓஹானா’வின் நேர் மூதாதை 1985-இல் வந்த ‘த கூனீஸ்’. ஓரிகன் மாநிலத்தின் அஸ்டோரியா ஊரில், கோல்ஃப் மைதானத்துக்காகப் பறிபோகவிருக்கும் வீடுகளைக் காப்பாற்றப் பிள்ளைகள் கொள்ளையர் புதையலைத் தேடுவார்கள். வரைபடம், குகை, பொறிகள், எலும்புக்கூடுகள், கடன்பட்ட வீடு எல்லாமே அதிலிருந்து வந்தவை. அங்கே எலும்புக்கூடு பிள்ளைகளைப் பயமுறுத்தவும் சிரிக்கவைக்கவும் நின்றது. யாருடைய தாத்தாவும் இல்லை அது.

‘கூனீஸ்’ படத்தில் விதவிதமான கருவிகளை உடம்பில் கட்டிக்கொண்டு திரியும் ‘டேட்டா’ என்ற சிறுவனாக நடித்தவர் கீ ஹுய் க்வான். அதற்கு முந்தைய ஆண்டு ‘இண்டியானா ஜோன்ஸ்’ படத்தில் ஹாரிசன் ஃபோர்டுக்குத் துணையாக ஓடிய அதே பையன். வியட்நாமிலிருந்து அகதியாக வந்த சீன வம்சாவளிக் குடும்பத்துப் பிள்ளை. வளர்ந்த பிறகு ஆசிய முகத்துக்கு அமெரிக்க சினிமாவில் வேடம் இல்லாமல் போனது. நடிப்பை விட்டு, சண்டைக்காட்சி அமைப்பிலும் உதவி இயக்கத்திலும் ஆண்டுக்கணக்கில் பின்னணியிலேயே இருந்தார். அவரை மறுபடி கேமரா முன்னால் கொண்டுவந்த படம் ‘ஃபைண்டிங் ஓஹானா’. சின்ன வேடம்தான். அடுத்து வந்த ‘எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்’ படத்துக்காக 2023 மார்ச்சில் சிறந்த துணைநடிகருக்கான ஆஸ்கர் விருதை வாங்கினார். அந்த மேடையில் அவர் அழுததை உலகம் பார்த்தது. அவர் திரும்பி வந்தது ஒரு தாத்தா வீட்டுக் கதையின் வழியாக என்பது பலருக்கு நினைவில்லை.

நிலத்துக்கு வருவோம். கிமோ தாத்தாவின் வரிப் பாக்கி, பிள்ளைகளைக் குகைக்குள் அனுப்பத் திரைக்கதை கண்டுபிடித்த சாக்கு என்று தோன்றலாம். ஹவாயில் அது அன்றாடச் செய்தி. நிலத்துக்குத் தனி உடைமையாளர் என்ற எண்ணமே அங்கே 1848-இல் வந்ததுதான். ‘மாஹேலே’ எனப்படும் அந்தப் பங்கீட்டில் அரசரும் தலைவர்களும் நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். 1850 சட்டத்தின்படி சாதாரணக் குடியானவர்களும் தாங்கள் பயிரிட்ட துண்டுகளுக்குப் பட்டா கேட்கலாம் என்றானது. கேட்கத் தெரிந்தவர்கள் குறைவு, கிடைத்தவர்கள் அதைவிடக் குறைவு. வெளிநாட்டாரும் நிலம் வாங்கலாம் என்ற வழி திறந்ததும் அதே ஆண்டில்தான். படத்தின் மலைக்காட்சிகளில் வரும் குவலோவாவும் 1850-இல் கை மாறியது. அரசர் மூன்றாம் கமேஹமேஹாவிடமிருந்து அவருடைய ஆலோசகராக இருந்த அமெரிக்க மருத்துவர் ஜட் அதை வாங்கினார். அதைக் கடக்கும் படகுகள் மரியாதைக்காகப் பாய்களைத் தாழ்த்திய அளவுக்குப் புனிதமாக இருந்த இடம் அது. இன்று சுமார் நான்காயிரம் ஏக்கர் கொண்ட பண்ணை. ‘ஜுராசிக் பார்க்’ தொட்டு எத்தனையோ படங்களின் பசுஞ்செங்குத்து மலைகள் அங்கே எடுக்கப்பட்டவை. உலகம் முழுவதும் பார்த்துப் பழகிய மலை. டைனோசர்களின் ஊர் என்றுதான் பலருக்கும் தெரியும்.

1893-இல் அமெரிக்க வணிகர்களின் ஆதரவோடு அரசி லிலியுவோகலானி பதவியிறக்கப்பட்டார். 1898-இல் அமெரிக்கா தீவுகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 1959-இல் ஹவாய் ஐம்பதாவது மாநிலமானது. மண் பறிபோன மக்களுக்கு ஈடாக 1921-இல் ஒரு சட்டம் வந்தது: பூர்வகுடி ரத்தம் பாதிக்குக் குறையாமல் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகையில் 99 ஆண்டுக் குத்தகைக்கு வீட்டுமனை. காத்திருப்போர் பட்டியல் 28,000 பேரைத் தாண்டி நிற்கிறது. அதில் இருந்தபடியே இறந்துபோகும் முதியவர்கள் ஏராளம். மனை கிடைத்த தாத்தாவுக்கும் நிம்மதி இல்லை. அவருக்குப் பிறகு வீடு பேரனுக்குப் போக வேண்டுமானால் பேரனுக்குக் கால் பங்கு ரத்தமாவது இருக்க வேண்டும். கலப்பு மணங்கள் மிகுந்த தீவில் இது தலைமுறைக்குத் தலைமுறை இறுகும் கணக்கு. பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பின்னம் கணக்கிட வைக்கும் சட்டத்தைக் கொடுமை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

சொந்தமாக வாங்கலாமே என்றால், ஓஆஹு தீவில் தனிவீட்டின் இடைநிலை விலை 2021-இலேயே பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது, இந்தப் படம் வெளியான அதே ஆண்டில். ஆகவே இளையவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். லாஸ் வேகாஸ் நகரத்துக்கு ‘ஒன்பதாவது தீவு’ என்றே செல்லப்பெயர் உண்டு. அத்தனை ஹவாய்க் குடும்பங்கள் அங்கே. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பூர்வகுடி ஹவாய் மக்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஹவாய்க்கு வெளியே வாழ்கிறார்கள். புரூக்ளினில் வளரும் பிலி யாரோ ஒரு விதிவிலக்கு இல்லை. அவளைப் போன்ற பிள்ளைகளே இன்று பெரும்பான்மை. விடுமுறையில் தாத்தா வீட்டுக்குப் போவது அவர்களுக்குத் தங்கள் நாட்டைப் பார்க்கும் ஒரே வழி.

மொழியின் கதை இதைவிட வலிக்கும். ஹவாய் மக்கள் எழுத்தறிவில் பின்தங்கியவர்களாக இருந்ததே இல்லை. 1834 முதல் 1948 வரை நூற்றுக்கும் மேற்பட்ட செய்தித்தாள்கள் ஹவாய் மொழியில் வந்தன. பக்கங்களைக் கூட்டினால் சுமார் ஒன்றேகால் லட்சம். அரசு கவிழ்ந்து மூன்றே ஆண்டில், 1896-இல், பள்ளிகளில் ஆங்கிலம்தான் பயிற்றுமொழி என்று சட்டம் போட்டார்கள். வகுப்பிலும் விளையாட்டுத் திடலிலும் தாய்மொழி பேசிய பிள்ளைகள் அடி வாங்கினார்கள். அடி வாங்கியவர்கள் பெற்றோரானதும் தம் பிள்ளைகளுக்கு அந்த அடி வேண்டாம் என்று வீட்டிலும் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். நீஹாவ் என்ற சின்னஞ்சிறு தீவில் மட்டும் மொழி வீட்டுப் பேச்சாகவே தொடர்ந்தது. மற்ற இடங்களில் மொழி மிஞ்சியது பாட்டி தாத்தாக்களிடம். 1980-களின் தொடக்கத்தில் அதைச் சரளமாகப் பேசும் சிறுவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை என்று கணக்கிட்டார்கள்.

அங்கிருந்து மொழி திரும்பி வந்ததும் பாட்டி தாத்தா வழியேதான். 1978-இல் திருத்திய மாநில அரசமைப்பு ஹவாய் மொழியை ஆங்கிலத்தோடு ஆட்சிமொழியாக்கியது. பள்ளிகளில் ஹவாய்க் கல்வி தர வேண்டும் என்று வந்தபோது ஆசிரியர்களுக்கு எங்கே போவது? 1980-இலிருந்து முதியவர்களையே வகுப்பறைக்கு அழைத்தார்கள். சிறுவயதில் இதே மொழியைப் பேசியதற்காக எந்தப் பள்ளியில் அடிபட்டார்களோ, அதே பள்ளிகளுக்குள் அந்தப் பாட்டிகள் ஆசிரியைகளாக நுழைந்தார்கள். 1984-இல் கவாயி தீவில் முதல் ‘பூனானா லெயோ’ மழலையர் பள்ளி தொடங்கியது. நியூஸிலாந்தின் மாவோரி மக்கள் இரண்டு ஆண்டுகளுக்கு முன் காட்டிய வழி அது. ஹவாய் மொழியில் பாடம் நடத்தத் தடையாக இருந்த சட்டமோ 1986-இல்தான் முழுதாக விலகியது. மொழிக்காக உயிர் கொடுத்த வரலாறு உள்ள நமக்கு, இந்தப் பாட்டிகளின் துணிவை யாரும் விளக்க வேண்டியதில்லை.

படத்தில் பேரன் தன் பெயரை ‘ஈ’ என்று ஒற்றை எழுத்தாகச் சுருக்கி வைத்திருக்கிறான். தாத்தாவுக்கு அவன் இயோவானே. சின்ன உரசலாகவே படம் இதைக் காட்டுகிறது. அதன் பின்னால் நூறாண்டுத் தழும்பு இருக்கிறது. புரூக்ளின் வகுப்பறையில் வாயில் நுழையாத பெயரோடு நிற்கும் கூச்சமும், பெயரைக்கூட வெட்டிக்கொண்டு வந்து நிற்கும் பேரனைப் பார்க்கும் வலியும் ஒரே சமையலறையில் மோதுகின்றன. ஒரு காட்சி அதிகமாக அங்கேயே தங்கியிருக்கலாம். படம் அவசரமாகக் குகைக்குப் போய்விடுகிறது.

குறை சொல்ல இன்னும் இருக்கிறது. கொள்ளையர்களின் பழங்கதையை பிலி சொல்லச் சொல்ல, அவள் குரலுக்கேற்ப அக்காலத்து மாலுமிகள் வாயசைக்கும் வேடிக்கை முதல் தடவை சிரிப்பு மூட்டுகிறது. திரும்பத் திரும்ப வரும்போது அலுக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் நடுவே அரைமணி நேரத்தைக் குறைத்திருக்கலாம். மண்ணைப் பற்றிய கதையாக இருந்தும் படப்பிடிப்பின் ஒரு பகுதி தாய்லாந்தில் நடந்தது. செலவுக் கணக்கு எனக்குப் புரிகிறது, ஆனாலும் உறுத்துகிறது.

நடிகர்கள் விஷயத்தில் படக்குழு நேர்மையாக இருந்திருக்கிறது. அம்மாவாக வரும் கெல்லி ஹு ஹோனலூலுவில் பிறந்தவர். பிலியாக வரும் கேயா பேயாஹுவுக்கு இது முதல் படம்; அந்தப் பெண்ணின் துறுதுறுப்பும், பயத்தை மறைக்க வாயாடுவதும் படத்தைத் தோளில் தூக்கிச் செல்கின்றன. அண்ணனாக வரும் அலெக்ஸ் ஐயோனோ சமோவா, மாவோரி வம்சாவளி. தாத்தா ப்ரான்ஸ்கோம் ரிச்மண்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பாலினீசிய வேர்கொண்ட இந்த நடிகரை ஹாலிவுட் பல்லாண்டுகள் அடியாளாகவும் சண்டைக் கலைஞராகவும் பயன்படுத்தியது. 1990-களின் ‘ரெனிகேட்’ தொடரில் அமெரிக்கப் பூர்வகுடிப் பாத்திரம் அவரைப் பிரபலமாக்கியது. கடைசியில் ஒரு ஹவாய்த் தாத்தாவாக நிற்கும் வாய்ப்பு இங்கே கிடைத்திருக்கிறது. பெரிய உடம்பு, கரகரத்த குரல், பேரப்பிள்ளைகளிடம் கோபிக்கும்போதும் கண்ணில் ஒட்டியிருக்கும் ஆசை. இவரை இன்னும் கொஞ்ச நேரம் திரையில் வைத்திருக்கக் கூடாதா என்று ஏங்க வைக்கிறார்.

தாத்தாவைக் கதையின் நடுவில் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நியூஸிலாந்து ஏற்கெனவே ஒரு படம் தந்திருக்கிறது. நிக்கி காரோவின் ‘வேல் ரைடர்’ 2002-இல் வந்தது. விட்டி இஹிமாயேராவின் நாவலை ஒட்டியது. மாவோரி கிராமத்தில் தாத்தா வீட்டில் வளரும் பேத்தி பாய், தலைமைக்கு ஆண் வாரிசைத் தேடும் அந்தத் தாத்தாவின் பிடிவாதத்தோடு மோதுகிறாள். சாகசம் முழுவதும் அந்த இருவருக்கும் நடுவில்தான். பேத்தியாக நடித்த கீஷா காஸில் ஹ்யூஸ் பதின்மூன்று வயதில் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். ‘ஃபைண்டிங் ஓஹானா’ அந்த உயரத்தைத் தொடவில்லை. அதற்குக் கொள்ளையர் கதையும் வேண்டியிருக்கிறது, தாத்தாவும் வேண்டியிருக்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்திருந்தால் நிச்சயம் தாத்தாவைத்தான் தேர்ந்திருக்க வேண்டும்.

பேரப்பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் விடுவது ஹவாயில் பழைய வழக்கம். விடுமுறைக்கு மட்டும் என்று இல்லை. ‘ஹானாயி’ என்ற ஏற்பாட்டில் தலைப்பிள்ளையை வளர்க்கும் உரிமையே அவர்களுக்கு உண்டு: மூத்தவன் பையனாக இருந்தால் அப்பா வழியில், பெண்ணாக இருந்தால் அம்மா வழியில். பெற்றோர் உழைக்கும் வயதினர், அவர்களுக்கு நேரம் இல்லை. குலத்தின் கதைகள், வம்சவரிசை, மந்திரம், ஆட்டம் எல்லாம் தெரிந்தவர்கள் மூத்தவர்கள்தான் என்பது அந்த ஏற்பாட்டின் நியாயம். 1895-இல் பெருந்தீவின் காஉ பகுதியில், ஹவாய்த் தாய்க்கும் மாசசூசெட்ஸிலிருந்து வந்த தந்தைக்கும் பிறந்த ஒரு பெண் குழந்தையை இப்படித்தான் அம்மா வழிப் பாட்டி கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தப் பாட்டி அரசி எம்மாவின் அவையில் ஹுலா ஆடியவர். பள்ளிகளில் ஹவாய் மொழியைத் தடுத்த சட்டம் வந்தபோது குழந்தைக்கு ஒரு வயது. ஆறு வயதில் பாட்டி இறக்கும்வரை அவர் மடியிலேயே வளர்ந்தாள். பிறகு ஒரு பள்ளி விடுதியில், ஆங்கிலம் தெரியாத புது மாணவிக்கு ஹவாய் மொழியில் உதவியதற்காகத் தண்டனை பெற்றாள்.

அவர்தான் மேரி கவேனா புக்குயி. பிஷப் அருங்காட்சியகத்தில் இருந்துகொண்டு முதியவர்களின் பேச்சையும் பாட்டையும் பல்லாண்டு சேகரித்தார். சாமுவேல் எல்பர்ட்டோடு சேர்ந்து அவர் தொகுத்து 1957-இல் வெளியான ஹவாய் அகராதி இன்றும் அந்த மொழி கற்கும் ஒவ்வொருவர் மேசையிலும் இருக்கிறது. ஏறக்குறைய மூவாயிரம் பழமொழிகளைத் திரட்டித் தந்தார். 1986-இல் இறந்தார், பாட்டி மொழி பள்ளிக்குள் சட்டப்படி திரும்பி வந்த அதே ஆண்டு. காஉ பகுதியில் ஒரு பாட்டியும் பேத்தியும் சேர்ந்து கழித்த அந்த ஆறு ஆண்டுகளை ஜூட் வெங்கோ, ஹவாயிலேயே பிறந்து வளர்ந்த ஓர் இளம் இயக்குநரோ படமாக எடுக்க வேண்டும். அதில் குகை வேண்டாம், கொள்ளையர் வேண்டாம். வசனம் முழுவதும் ஹவாய் மொழியிலேயே இருக்கட்டும்.